ஃபார்மட் அடித்த காலம்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துறையூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்களில் மடியில் உட்கார்ந்து பயணம் செய்த ஒரு பெட்டி உண்டு. வாங்கும்போது வெள்ளையாக இருந்து, பழுப்பேறிய தகரப் பெட்டி. ஈரிழைத் துண்டில் சுற்றி, பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். மேலே வைக்கச் சொன்னால் மறுப்பார். மண்ணச்சநல்லூர், நம்பர் ஒன் டோல்கேட், கொள்ளிடம் பாலம், திருவானைக்கோவில், பிறகு காவிரிப் பாலம் என்று நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆடி அசைந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை மடி இறங்காத பெட்டி அது. பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிப் போகிற முகம்தான் அவருக்கு. உள்ளூர் வைத்தியம் பலிக்கவில்லை, திருச்சியில் காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பியிருப்பார்.

திருச்சியிலும் வைத்தியம் ஒன்றுதான். ஃபார்மட்.

கம்ப்யூட்டர் சிற்றூர்களுக்கு வந்த கதையைச் சொல்பவர்கள் பிரௌசிங் சென்டரையும் கல்லூரிகளையும் பற்றிச் சொல்வார்கள். ஃபார்மட்டைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் ஏறக்குறைய இருபது வருடம் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒவ்வொருவரும் அறிந்த சடங்கு அதுதான். பெட்டி ஹேங் ஆனாலும், ஸ்லோ ஆனாலும், வைரஸ் பூந்தாலும், வெறுமனே முகம் சரியில்லாமல் இருந்தாலும், ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்பார்கள். வெள்ளையடிப்பதைப் போல, மொட்டையடிப்பதைப் போல, இதையும் தமிழ் ‘அடி’ என்ற வினையோடு சேர்த்துக்கொண்டது. பொருத்தம்தான். மூன்றிலும் பழையது போய்விடும், சில நாளைக்குப் பளிச்சென்று இருக்கும்.

சடங்குக்கு ஒரு முறையும் உண்டு. முதலில் சிடியிலிருந்தோ ஃப்ளாப்பியிலிருந்தோ பெட்டியை எழுப்புவார்கள். கறுப்புத் திரையில் எஃப்டிஸ்க் ஓடும், வட்டு சி என்றும் டி என்றும் இரண்டாகப் பாகம் பிரியும். பிறகு சி-யைத் துடைக்கும் ஃபார்மட் கட்டளை. சதவீத எண் ஒன்று ஒன்றாக ஏறும். டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகும். அதற்குப்பின் விண்டோஸ் சிடி. உறையின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய இருபத்தைந்து எழுத்துச் சாவி. அதில் பி-யா, எட்டா என்று தகராறு. கடைசியாக மதர்போர்டு டிரைவர் சிடியைத் தேடுவார்கள். அது கிடைக்காவிட்டால் திரை பதினாறு வண்ணத்தில் நிற்கும், சத்தம் வராது. அந்த வீட்டுப் பையன் அன்று அழுவான்.

அதற்கெல்லாம் முன்பு மெக்கானிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “அண்ணே, டெஸ்க்டாப்புல ஏதாவது வெச்சிருக்கீங்களா?” டெஸ்க்டாப்பில் தெரிவதும், மை டாக்குமென்ட்ஸில் கிடப்பதும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது வைத்திருப்பவருக்குத் தெரியாது. கண்ணெதிரே இருப்பது பத்திரமாக இருக்கிறது என்றுதான் நினைப்பார். கல்யாண ஆல்பம், மில் கணக்கு, பிஹெச்டி ஆய்வு என்று அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லாமல் போனவை எத்தனை என்று யாரும் எண்ணிவைக்கவில்லை.

மருந்து ஒன்றாக இருந்தாலும் நோய்கள் காலத்துக்குக் காலம் வேறாகத்தான் இருந்தன.

முதல் நோய் பிறவிக்கோளாறு. 1995 ஆகஸ்ட் 24-ல் வந்த விண்டோஸ் 95-ம், அதன்பின் வந்த 98-ம் பழைய டாஸ் அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய மாடிகள். ஒரு புரோகிராம் தடுக்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு விழும், சில நேரம் வீட்டையே சாய்க்கும். நீலத்திரை அப்படி வந்ததுதான். மெக்கானிக்கின் கைராசியைக் குறை சொன்னவர்களுக்கு ஒரு தகவல்: 1998 ஏப்ரல் 20-ல் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, அவருடைய ஊழியர் கிறிஸ் கபோசெலா ஒரு ஸ்கேனரைச் செருகிய மாத்திரத்தில் வெளிவர இருந்த விண்டோஸ் 98 நீலத்திரையைக் காட்டியது. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

அந்தத் தலைமுறை விண்டோஸில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. பெட்டியை அணைக்காமல் 49.7 நாள் ஓட்டினால் அது உறைந்து நின்றுவிடும். ஓடிய மில்லிசெகண்டுகளை எண்ணும் எண்ணி 32 பிட் இடத்தில் அடங்காமல் வழிந்துவிடுவதுதான் காரணம். விண்டோஸ் 95 வந்து ஏறக்குறைய நான்கு வருடம் கழித்துத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்றால், அதுவரை யாருடைய பெட்டியும் ஐம்பது நாள் தொடர்ந்து உயிரோடு இருந்ததில்லை என்று அர்த்தம். துறையூரில் இந்தக் கோளாறு யாரையும் பாதித்திருக்க வாய்ப்பில்லை. அந்தப் பெருமை மின்வாரியத்தைச் சேரும்.

கரண்ட் போனதும் பெட்டி பொட்டென்று அணையும். திரும்ப வந்ததும், நீங்கள் விண்டோஸை ஒழுங்காக மூடவில்லை, அதனால் வட்டில் பிழைகள் இருக்கலாம் என்று ஸ்கேன்டிஸ்க் கண்டிக்கும். மூடியது யார், மூடாதது யார் என்று அதற்கு எப்படிப் புரியவைப்பது? அது பாதி தூரம் போவதற்குள் மறுபடி கரண்ட் போகும். 2008-ல் தொடங்கி 2012-ல் உச்சத்துக்குப் போன மின்வெட்டில், சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். யுபிஎஸ் பேட்டரி நிறைவதற்கே நேரம் கிடைக்காத காலம் அது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற வட்டின் பட்டியலே சிதையும். அமெரிக்காவில் உட்கார்ந்து விண்டோஸ் எழுதியவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை மின்சாரம் போகும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். இங்கே அது ஒரு நாளின் முற்பகல் கணக்கு.

இரண்டாவது நோய் வெளியிலிருந்து வந்தது. 1986-ல் லாகூரில் அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்திய கம்ப்யூட்டர் கடையிலிருந்து கிளம்பிய ‘பிரெய்ன்’ வைரஸ் ஃப்ளாப்பி வழியாக உலகம் சுற்றியது. ஆனால் இங்கே வைரஸ் என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை வெடித்த தேதி என்பதால் அந்தப் பேரே நிலைத்தது. வட்டின் முதல் பகுதியைக் குப்பையால் நிரப்பியதோடு, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சில்லையும் அழித்தது. ஃபார்மட் அடிக்கவும் பெட்டி எழுந்திருக்க வேண்டுமே. எழவில்லை. மருந்துக்கும் கட்டுப்படாத நோய் ஒன்று உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது.

மெக்கானிக் கடை ஒன்று மருந்துக் கம்பெனியாக மாறிய கதையும் இந்த இடத்தில் வருகிறது. புனேயில் கால்குலேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்த கைலாஷ் கட்கர், 1993-ல் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டார். வந்த பெட்டிகளில் பலவற்றுக்கு வைரஸ் தொல்லை என்று பார்த்த தம்பி சஞ்சய் அதற்கு மாற்று எழுதினார். குயிக் ஹீல் அப்படிப் பிறந்து 2016-ல் பங்குச்சந்தைக்குப் போனது. தமிழ்நாட்டு சர்வீஸ் கடைகள் அதை விற்றுக் கமிஷன் பார்த்தன.

மூன்றாவது நோய்தான் நீண்டது. அதற்குக் காரணம் வைரஸ் மட்டும் இல்லை, அதற்கான தடுப்பூசியை யாரும் போட்டுக்கொள்ளாததும்தான்.

2001 அக்டோபரில் எக்ஸ்பி வந்தது. டாஸ் மாடிக்கு விடைகொடுத்து, அலுவலகங்களுக்கென்று தனியாக எழுதிய என்டி அஸ்திவாரத்தில் கட்டிய முதல் வீட்டு விண்டோஸ். நீலத்திரை உண்மையிலேயே குறைந்தது. ஆனால் உலகம் இப்போது இணையத்தில் இருந்தது, பெட்டியின் கதவுகள் எல்லாம் திறந்தே இருந்தன. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு வந்தபோது இணையத்தில் இணைந்த உடனே ஒரு கட்டம் தோன்றி அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ணும். பூஜ்யம் வந்ததும் பெட்டி தானாக அணையும். பிரௌசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து உட்கார்ந்தவருக்கு அந்த அறுபது செகண்டும் நரகம். அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஒரு மாதம் முன்பே, ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் கிழமை என்றும் முடிவானது. மறு வருடம் ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்தது, வாசலுக்குக் காவல் போட்டது.

எல்லாம் சரிதான். அதை இறக்குவது யார்?

சர்வீஸ் பேக் 2-ன் அளவு சுமார் 266 எம்பி. டெலிபோன் வழி டயல்-அப்பில் காகிதத்தில் எழுதிய வேகம் கிடைத்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேகம் துறையூர் லைனில் கிடைத்தது கிடையாது. நடுவில் ஒரு போன் வந்தால் அறுந்துபோகும். 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்த பிறகும், மாதத்துக்கு இவ்வளவு எம்பி என்று அளந்து ஊற்றினார்கள். ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. அலாரம் வைத்து எழுந்து படம் இறக்கிய பையன்கள் ஊருக்கு ஊர் உண்டு. மைக்ரோசாஃப்டும் தானியங்கி அப்டேட்டுக்கு விடிகாலை 3 மணியைத்தான் வைத்திருந்தது. கேட்பதற்கு என்ன பொருத்தம்! ஆனால் கடையைச் சாத்தும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். மூன்று மணிக்கு விண்டோஸ் அப்டேட் தேடி வந்த நேரத்தில் துறையூர்ப் பெட்டிகள் எல்லாம் இருட்டில் கிடந்தன.

இன்னொரு காரணத்தைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் சொல்ல வேண்டும். அந்தச் சிடி உறையின் மேல் பேனாவால் எழுதிய சாவி. எக்ஸ்பி கடைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே, பெரிய கம்பெனிகளுக்கென்று கொடுத்த சாவி ஒன்று வெளியே கசிந்துவிட்டது. எஃப்சிகேஜிடபிள்யூ என்று தொடங்கும் அந்தச் சாவியை மனப்பாடமாகச் சொன்ன மெக்கானிக்குகள் உண்டு, தன் வீட்டு போன் நம்பரைக் கேட்டால் யோசிப்பார்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரிகளை வாங்கிப் பூட்டிய பெட்டியில், சாமான் விலையோடு விண்டோஸ் விலையையும் சேர்த்தால் வாங்குபவர் எழுந்து போய்விடுவார். ஆகவே சாமானுக்குப் பில், விண்டோஸ் இலவசம்.

மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக் அந்தச் சாவியை மறுத்தது. 2005-லிருந்து, உண்மையான பிரதியா என்று சோதித்துப் பார்த்துத்தான் பல கோப்புகளை இறக்கவிட்டது. விண்டோஸ் 7 காலத்தில், 2010 பிப்ரவரியில் அப்டேட் என்ற பெயரிலேயே ஒரு சோதனையாளன் வந்தான். அதை ஏற்றிக்கொண்ட பெட்டியில் மறுநாள் சாமி படம் போய்த் திரை கறுப்பாகும், மூலையில் இது அசல் பிரதி அல்ல என்று எழுத்து நிற்கும். கடைக்கு வந்த வாடிக்கையாளர் முன்னால் அது நிற்பது கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்பதைப் போல. மெக்கானிக் வந்து செய்த முதல் காரியம், தானியங்கி அப்டேட்டை அணைத்தது. ‘அப்டேட் பண்ணிராதீங்க, சிஸ்டம் போயிடும்’ என்ற எச்சரிக்கை அப்போதுதான் வேதவாக்காகியது.

நியாயமாகச் சொன்னால் மைக்ரோசாஃப்ட் இங்கே ஒரு வாசலைத் திறந்தேதான் வைத்திருந்தது. முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் கள்ளப் பிரதிகளுக்கும் தானியங்கி அப்டேட் வழியாகப் போகும் என்பதுதான் அதன் கொள்கை. ஆனால் போலீஸ் உடுப்பில் வந்து தடுப்பூசி போடுகிறேன் என்றால் யார் கையை நீட்டுவார்கள்? நோட்டீஸ் ஒட்டுகிறவனையும் ஊசி போடுகிறவனையும் ஒரே வண்டியில் அனுப்பியது அந்தக் கம்பெனியின் பிழை என்றுதான் தோன்றுகிறது. அதன் விலையை இருபது வருடம் எல்லோரும் சேர்ந்து கொடுத்தார்கள்.

விலை என்றால் பென்டிரைவ். போட்டோ ஸ்டூடியோவிலிருந்து டிடிபி கடைக்கு, அங்கிருந்து பிரின்டிங் பிரஸ்ஸுக்கு, ஜெராக்ஸ் கடைக்கு, கல்லூரி லேபுக்கு என்று ஒரே பென்டிரைவ் ஊர்வலம் போகும். செருகியதும் ஆட்டோரன் என்ற வசதி உள்ளே இருப்பதைத் தானாக ஓட்டும். கோப்புகள் எல்லாம் மறைந்து, குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் தெரியும். ‘நியூ ஃபோல்டர்’ என்று மஞ்சள் உறையின் வேடத்தில் ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும், திறந்தால் தொற்றும். மறைந்த கோப்பைக் காட்டு என்று சொல்லப்போனால் அந்த மெனுவே காணாமல் போயிருக்கும். 2008 நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் புழுவும் பிறகு இந்த வழியில் சேர்ந்துகொண்டது. பென்டிரைவுகளுக்கான ஆட்டோரனை முடக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் அனுப்பியது. அப்டேட் அணைத்திருந்த பெட்டிகளுக்கு அது வந்து சேரவில்லை. ஆகவே ஃபார்மட். அடித்து முடித்ததும் அதே பென்டிரைவைச் செருகிப் பழைய கோப்புகளை ஏற்றுவார்கள். ஆகவே அடுத்த மாதமும் ஃபார்மட்.

இந்தச் சுழலில் கடைகள் தங்கள் புத்தியில் சில உபாயங்களைக் கண்டன. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்த கோஸ்ட் என்ற மென்பொருள் ஒன்று. எல்லாம் ஏற்றி முடித்த சி டிரைவை அப்படியே படமெடுத்து வைத்துக்கொண்டால், இரண்டு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஒரே படத்தை நாற்பது பெட்டிகளில் இறக்கிய கடைகள் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பச்சைப் புல்வெளி, ஒரே விசிடி பிளேயர். பிரௌசிங் சென்டர்களின் உபாயம் இன்னும் தீவிரமானது. கனடாவிலிருந்து வந்த டீப் ஃப்ரீஸ். அதைப் போட்டால் பயனர் என்ன செய்தாலும், பெட்டியை அணைத்துப் போட்டதும் நேற்றைய நிலைக்கே திரும்பிவிடும். வைரஸ் வந்தாலும் போய்விடும். பச்சைமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்து விண்ணப்பம் நிரப்பிச் சேமித்துவைத்த மாணவனின் கோப்பும் அதோடு போய்விடும். பாதுகாப்புத் திருத்தமும் போய்விடும். தினமும் காலை ஏழு மணிக்குப் புதிதாகப் பிறந்து, உலகத்தில் ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருக்கும் பெட்டிகள்.

விண்டோஸே வேண்டாம் என்று பார்த்தவர்களும் இருந்தார்கள், அதுவும் அரசாங்கத்திலேயே. 2006-ஐ ஒட்டித் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர், தன் அலுவலகப் பெட்டிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார், பள்ளிகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் அதையே ஏற்றினார். வைரஸ் தொல்லையும் உரிமக் கட்டணமும் அவர் சொன்ன காரணங்கள். அதே காலத்தில் சென்னை சிடாக் நிறுவனத்தில் பாஸ் லினக்ஸ் உருவானது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் கைக்கு வந்த பெட்டிகளில் விண்டோஸ் 7 ஒரு பக்கம், பாஸ் ஒரு பக்கம் என்று இரண்டு கதவு இருந்தது. வீட்டுக்கு வந்த அன்றே பலரும் செய்த காரியம், பாஸ் இருந்த பாகத்தை அழித்து அதில் படம் ஏற்றியதுதான். இதில் மாணவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கோளாறு வந்தால் பார்க்க ஊரில் ஆள் வேண்டுமே. தெருமுனைக் கடையில் இருப்பவருக்குத் தெரிந்தது விண்டோஸ் போடுவது ஒன்றுதான்.

பக்கத்துத் தெருப் பிரின்டிங் பிரஸ்ஸின் கதை வேறு மாதிரி. அங்கே அப்டேட் வேண்டாம் என்றதற்குத் திருட்டுச் சாவியும் காரணமில்லை, இணைய வேகமும் காரணமில்லை. தமிழ்தான் காரணம்.

பத்திரிகை என்றால் இந்தப் பக்கம் கல்யாணப் பத்திரிகை. அதை அடிப்பது பேஜ்மேக்கரில். பாமினி, செந்தமிழ், வானவில் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்த ஏற்பாடு. எழுத்துருவை எடுத்துவிட்டால், ‘நிகழும் மங்களகரமான’ என்ற வரி ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் தாப், தாம் குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. மறு வருடம் வந்த விண்டோஸ் 2000 யுனிகோடு தமிழோடு வந்தது, லதா என்ற எழுத்துருவோடு. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசும் யுனிகோடுக்கு மாறியது. கடைக்காரருக்கு இதில் ஒரு சிக்கல். பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அடோபி அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. மின்னஞ்சலில் யுனிகோடில் வந்த மாப்பிள்ளை பெயரை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும்.

புதிய விண்டோஸுக்குப் போனால் பேஜ்மேக்கர் முரண்டு பிடிக்கும். சில தமிழ் மென்பொருள்களுக்குப் பிரின்டர் துளையில் செருகும் பூட்டு உண்டு, டாங்கிள் என்பார்கள். புதிய மதர்போர்டில் அந்தத் துளையே கிடையாது. அடோபியின் இன்டிசைன் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோர்க்கத் தொடங்கியது 2012-ல் வந்த சிஎஸ்6-ல்தான். அதுவரை பத்துப் பதினைந்து வருடத்தில் சேர்த்த கோப்புகள், விநாயகர் பார்டர்கள், தலைமுறைக்கு ஒரு தரம் திரும்பி வரும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் என்று எல்லாம் பழைய குறியேற்றத்தில் கிடந்தன. பெட்டியை மாற்றுவதும் அச்சுக்கோர்த்த எழுத்துகளை எல்லாம் கொள்ளிடத்தில் கொட்டுவதும் அவருக்கு ஒன்றுதான். ஆகவே எக்ஸ்பி பெட்டி மூலையில் நின்றது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டார்கள். துறையூரில் பாதுகாப்புக்கு எடுத்த நடவடிக்கைகளில் உருப்படியானது எது என்று கேட்டால், அந்த வயரைப் பிடுங்கியதைத்தான் சொல்ல வேண்டும்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ல் மைக்ரோசாஃப்ட் காரியம் செய்துவிட்டது. இனித் திருத்தம் வராது என்றார்கள். சிற்றூர்களில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. எது வந்துகொண்டிருந்தது, இனி வராமல் போவதற்கு?

மூன்று வருடம் கழித்து, 2017 மே 12 வெள்ளிக்கிழமை வன்னாக்ரை கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலருக்குப் பிட்காயின் கேட்டது. இங்கிலாந்து மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. இந்தியாவில் திங்கட்கிழமை அலுவலகம் திறந்தபோது வயநாட்டின் தரியோடு ஊராட்சியிலும், பத்தனம்திட்டையின் அருவாப்புலம் ஊராட்சியிலும் சிவப்புத் திரை காத்திருந்தது. ஆந்திரக் காவல்துறையின் பெட்டிகள் சில, திருப்பதி தேவஸ்தானத்தின் பெட்டிகள் சில. எல்லோரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆனால் காஸ்பர்ஸ்கி கணக்குப் பார்த்தபோது தொற்று வந்தவற்றில் 98 சதவீதம் விண்டோஸ் 7. மார்ச் மாதமே வந்த திருத்தத்தை ஏற்றிக்கொள்ளாத விண்டோஸ் 7. தடுப்பூசி இருந்தும் போட்டுக்கொள்ளாத கூட்டம் உலகம் முழுக்க இருந்திருக்கிறது, துறையூரில் மட்டும் அல்ல.

அதன்பிறகாவது எக்ஸ்பி போனதா என்றால், போனது. வன்னாக்ரைக்குப் பயந்து அல்ல. ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து, 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. மண்ணச்சநல்லூர், துறையூர்ப் பக்கத்து மில்களும் மண்டிகளும் டாலி 7.2-ல் நிம்மதியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தன. பெங்களூர்க்காரர்களின் அந்த மென்பொருள் டாஸ் காலத்திலிருந்தே வியாபாரிகளின் தோழன், நீலத்திரை நாட்களிலும் பெரிதாக ஏமாற்றாத ஒன்று. ஜிஎஸ்டிக்கு அதன் புதிய பதிப்பு வேண்டும். ரிட்டர்ன் தாக்கலுக்கு அரசு கொடுத்த ஆஃப்லைன் கருவி விண்டோஸ் 7-க்குக் கீழே ஓடாது. எக்ஸ்பியின் பழைய பிரௌசரில் அரசு இணையதளங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன, பாதுகாப்பு முறை மாறிவிட்டதால். ஆடிட்டர் போன் போட்டு, “அண்ணாச்சி, இருபதாம் தேதிக்குள்ள போடலேன்னா லேட் ஃபீ” என்றார். மைக்ரோசாஃப்ட் எத்தனையோ வருடம் மின்னஞ்சல் அனுப்பியும் நடக்காதது அந்த ஒரு போனில் நடந்தது. ஒரு ஊரின் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றும் ஆற்றல் வரிக்குத்தான் உண்டு.

வங்கிகளுக்குக்கூட அதே சாட்டை தேவைப்பட்டது. ஏடிஎம் பெட்டிகளில் எக்ஸ்பியே ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 2018 ஜூன் 21-ல் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. செப்டம்பருக்குள் கால்வாசி, டிசம்பருக்குள் பாதி, 2019 ஜூனுக்குள் முழுதும் மாறியிருக்க வேண்டும். அதுவரை பஸ் ஸ்டாண்டு ஏடிஎம்மில் பணம் எண்ணிக் கொடுத்ததும், பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை அடித்ததும் ஒரே தலைமுறை விண்டோஸ்தான்.

2015-ல் வந்த விண்டோஸ் 10 கதையைத் தலைகீழாக்கியது. வீட்டுப் பதிப்பில் அப்டேட்டை அணைக்கும் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் மாதத்துக்குப் போட்ட ஒரு ஜிபி அரை மணியில் காலியாகும். மறு வருடம் செப்டம்பரில் ஜியோ வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. பிறகு வேறு குறை. ஆன்லைன் விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலை, டோக்கன் வாங்கிப் பத்துப் பேர் காத்திருக்கும்போது, பெட்டி தானாக அணைந்து, அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள் என்று சுற்றிக்கொண்டிருக்கும். முன்பு அப்டேட் இல்லாததால் வந்த கோளாறு இப்போது அப்டேட்டாலேயே வருகிறது என்று கடைக்காரர்கள் நொந்துகொண்டார்கள். ஆனாலும் மாதம் தவறாமல் ஃபார்மட்டுக்கு வந்த பெட்டிகள் குறைந்தன. சர்வீஸ் கடைகள் சிசிடிவி கேமரா மாட்டப் போய்விட்டன.

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை காலை, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் பெட்டிகளை நீலத்திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தொலைவிலிருந்து சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு பெட்டி முன்பும் ஒருவர் உட்கார்ந்து, சேஃப் மோடில் எழுப்பி, ஒரு கோப்பை அழித்து, மறுபடி ஓட்ட வேண்டும். பெரிய பெரிய கம்பெனிகளின் பொறியாளர்கள் அந்த வார இறுதியில் செய்தது துறையூர் மெக்கானிக் இருபது வருடமாகச் செய்த வேலை.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-ம் ஓய்வு பெற்றது. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறை இன்டெல்லுக்கும் டிபிஎம் 2.0 சில்லுக்கும் கீழே இறங்கி வராது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்துவிட்டு நிற்கிறார்கள். துண்டில் சுற்றிய சிபியு இல்லை, பைக்குள் லேப்டாப். பதினொன்றை எப்படியாவது ஏற்றிவிடும் குறுக்குவழி பென்டிரைவ் கடைக்காரரிடம் இருக்கிறது. செருகுவதற்கு முன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்கிறார்: “அண்ணே, டெஸ்க்டாப்புல ஏதாவது வெச்சிருக்கீங்களா?”